ராசமணி அக்காவுக்குப் பத்து பேர்ச் காணி பார்த்த கதை

கிட்ட வந்து உட்காருங்க. காணி வாங்குற கதையைத் தூரத்துல இருந்து கேட்டா எல்லாம் அழகாத்தான் இருக்கும். காணியும் அப்படித்தான், தூரத்துல இருந்து பார்த்தா அழகு.

என் தொழிலுக்குப் பேர் கிடையாது. நான் தரகன் இல்லை, காணி எழுத்து எழுதுற நொத்தாரிசு இல்லை, வழக்குப் பேசுற அப்புக்காத்தும் இல்லை. பெல்மதுளையில ஒரு சர்வேயர் மாத்தயாவுக்குச் சங்கிலி பிடிச்சவன். அவர் கண்ணாடிக்குள்ள பார்ப்பார், நான் அட்டைக்கடி வாங்கிக்கிட்டு முள்ளுக்குள்ள சங்கிலியை இழுத்துக்கிட்டுப் போவேன். அவர் கண் மங்கி வேலையை விட்ட பிறகு, தோட்டத்து ஆளுங்க என்னைத் தேடி வர ஆரம்பிச்சாங்க. "நாங்க ஒரு துண்டு காணி வாங்கப் போறோம், நீங்க வந்து ஒரு நடை நடந்து பாருங்க"ன்னு கேப்பாங்க. அந்த ஒரு நடைதான் என் தொழில்.

படிப்பு அஞ்சாம் வகுப்பு. சிங்களம் நல்லாப் பேசுவேன், பேச்சுல என்னைத் தமிழன்னு யாரும் கண்டுபிடிக்க முடியாது. எழுத்துதான் தெரியாது. உறுதின்னு சொல்ற காணிப் பத்திரமெல்லாம் சிங்களத்துல இருக்கும். அதனால உறுதியை முதல்ல காணிக்காரரோட ஆளை வச்சு வாசிக்கச் சொல்லுவேன், பிறகு அவங்களுக்குத் தெரியாம வேற ஒருத்தரை வச்சு வாசிக்கச் சொல்லுவேன். ரெண்டையும் காதால ஒத்துப் பார்ப்பேன். கண்ணு ஏமாந்த இடத்துல எல்லாம் காது எனக்குச் சோறு போட்டிருக்கு.

நம்ம ஆளுங்க செய்ற தப்பு ஒண்ணு இருக்கு. வேற யாரும் அதைச் செய்ய மாட்டாங்க. நாலு தலைமுறையா நாம மண்ணுல வேலை செஞ்சிருக்கோம், ஒரு தலைமுறைகூட மண்ணை வாங்கினதில்லை. அதனால காணி பார்க்கப் போனா, வேலைக்குப் போன மாதிரியே பார்க்கிறோம். மண்ணைக் கிள்ளி மோந்து பார்ப்போம், சரிவு பார்ப்போம், தண்ணி பார்ப்போம். "இது யாரோடது?"ன்னு கேக்க மட்டும் நமக்கு வாய் வராது. தோட்டத்துல அந்தக் கேள்விக்கே இடமில்லை பாருங்க. காணி வாங்கி நொந்தவங்க உங்கள்ல நிறையப் பேர் இருப்பீங்க, நான் சொல்றது உங்களுக்குப் புரியும்.

ராசமணி அக்காவோட சேர்ந்து போய் அஞ்சு காணி பார்த்தேன். தொண்ணூறுகளோட கடைசி அது. அக்கா முப்பத்தெட்டு வருசம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவங்க. புருசன் தவறிட்டார். ஒரே மகள் இரத்தினபுரியில துணிக்கடையில வேலை. வயசானதும் தோட்டத்து வேலைப் பதிவுல பேர் வெட்டிட்டாங்க. குடியிருந்த லயக் காம்பிராவைத் தைப்பொங்கலுக்கு முன்னால விட்டுக் கொடுக்கணும்னு ஆபீஸ்ல இருந்து துண்டு வந்துச்சு. கையில வேலை முடிஞ்சப்போ கிடைச்ச சேமலாபக் காசு, அதை விட்டா வேற ஒண்ணும் கிடையாது. ஆவணி மாசம் என்கிட்ட வந்து அக்கா சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, இந்தக் காசு போச்சுன்னா திரும்பச் சம்பாதிக்க எனக்கு இன்னொரு முப்பத்தெட்டு வருசம் கிடையாது."

கூப்பிட்டும் திரும்பாதவர்

முதல் காணி கலவான ரோட்டுல. சுத்தி கமுகு, பக்கத்துல ஓடை. சொந்தக்காரர் பேர் விஜேபாலன்னு சொன்னாங்க. சிரிச்ச முகம், வெள்ளைச் சட்டை. அடையாள அட்டை, உறுதி, வரிக் கட்டின துண்டு எல்லாம் ஒரு பைக்குள்ள ஒழுங்கா வச்சிருந்தார். அட்டையில இருந்த படம் ரொம்பப் பழசு, அது யாருடைய முகமாவும் இருக்கலாம். கையெழுத்துப் போடுற அன்னிக்கு நொத்தாரிசு ஆபீசுக்கு எதிர்த்தாப்புல ஒரு தேத்தண்ணிக் கடையில காத்திருந்தோம். காணிக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டி முன் மேசையில உட்கார்ந்து பனிஸ் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். ராசமணி அக்கா சும்மா இருக்காம, "விஜேபால மாத்தயா"ன்னு மெதுவாக் கூப்பிட்டாங்க. அவர் திரும்பல. இன்னும் கொஞ்சம் சத்தமாக் கூப்பிட்டாங்க. அவர் பனிசைத் தேத்தண்ணியில தொட்டுக்கிட்டே இருந்தார். கடைக்குள்ள இருந்து ஒருத்தன், "ஏய் சோமே, சீனி போதுமா?"ன்னான். சட்டுனு தலை திரும்புச்சு. அக்கா என் காதுக்கிட்ட வந்து, "காலையில வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுக் களத்துல பேர் கூப்பிட்டா தூங்கிக்கிட்டு நிக்கிறவன்கூட 'இருக்கேன்'னு சொல்லுவான் தம்பி. இந்த ஆளு இந்தப் பேர்ல பொறக்கல"ன்னாங்க.

வயித்து வலின்னு சொல்லிட்டு அக்கா எழுந்துட்டாங்க. ரெண்டு பேரும் நேரே பஸ் ஏறி அந்தக் காணிக்கே போனோம். பக்கத்து வீட்டுல ஒரு வயசான சிங்களப் பொம்பளை பாக்கு சீவிக்கிட்டு இருந்துச்சு. "விஜேபால மாத்தயா எங்கே?"ன்னு கேட்டேன். நிமிந்து பார்க்காமலே, "அங்கதான் இருக்கார், போய்ப் பாருங்க"ன்னு கமுகுக்குப் பின்னால கையைக் காட்டுச்சு. போனோம். அங்க வீடு இல்லை, ஆள் இல்லை. வெளுத்துப் போன வெள்ளைக் கொடி ரெண்டு கயித்துல தொங்குது, கீழே பாசி பிடிச்ச சிமெந்துக் கல்லறை. கல்லுல என்னமோ எழுதியிருந்துச்சு. எனக்கு வாசிக்கத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. உறுதியோட போட்டோ கொப்பியைக் கல்லுக்குப் பக்கத்துல பிடிச்சு, பேர் இருந்த இடத்துல ஒவ்வொரு எழுத்தா வளைவையும் கொம்பையும் ஒத்துப் பார்த்தேன். கடைசி எழுத்து வரைக்கும் ஒத்து வந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால இந்தப் பேரோட உட்கார்ந்து நாங்க தேத்தண்ணி குடிச்சிருக்கோம். திரும்பிப் போய் நொத்தாரிசு மாத்தயாகிட்ட விசயத்தைச் சொல்றதுக்குள்ள அந்த ஆள் போயிட்டான். தேத்தண்ணிக் கடையில அந்தக் காலி நாற்காலியைக் காட்டி ராசமணி அக்கா சொன்னாங்க: "செத்தவர் பேரைச் சட்டை மாதிரிப் போட்டுக்கிட்டு வந்திருக்கான் தம்பி, காதுக்கு மட்டும் அளவு பத்தல."

மரம் இல்லாத மூலை

ரெண்டாவது காணி பெல்மதுளையில இருந்து ரெண்டு மைல் கட்டை உள்ளே. இதுல காணிக்காரர் உண்மையான ஆள், பேர் கூப்பிட்டா திரும்பினார். உறுதியும் சரி. எழுத்துதான் எனக்குத் தெரியாது, பிளேன் நல்லாத் தெரியும். சர்வேயர் வரைஞ்ச பழைய பிளேன்ல கிழக்கு மூலையில ஒரு பலா மரம் போட்டிருந்துச்சு. நேர்ல போய்ப் பார்த்தா மூலையில புதுக் கம்பி வேலி, மரம் கிடையாது. வேலிக்கு உள்பக்கம் பூரா மரவள்ளி. "அது பழைய மரம், நான் சின்னவனா இருக்கும்போதே விழுந்துடுச்சு"ன்னார் காணிக்காரர். சங்கிலி போட்டு இழுத்தேன். சொன்ன மாதிரி பத்து பேர்ச், ஒரு சின்ன வீடும் முத்தமும் கொள்ற அளவு, வந்துச்சு. முன் பக்கம் ரோட்டை அகலப்படுத்தி ரெண்டு மூணு பேர்ச் போயிருக்குன்னு ஊர்ல சொன்னாங்க. அப்படிப் போன பிறகும் பத்து பேர்ச் எப்படி வந்துச்சுன்னு எனக்கு ஒரு அரிப்பு.

பொழுது சாயுற நேரம், புறப்பட நிக்கிறோம். ராசமணி அக்கா, "தம்பி, மேல பாருங்க"ன்னாங்க. ஏழெட்டு பெரிய வௌவால் ஆத்துப் பக்கம் இருந்து வந்துச்சு. மரவள்ளிக்கு மேல, வெறும் ஆகாயத்துல, ஒரே இடத்தைச் சுத்திச் சுத்திப் பறந்துச்சு. தொங்க இடம் தேடுற மாதிரி காலை நீட்டும், ஒண்ணும் கிடைக்காம விழப்பார்த்துட்டு மறுபடி மேலே ஏறும். சத்தமே இல்லை. இல்லாத ஒரு மரத்தைச் சுத்தித்தான் வட்டம் போடுது. அதுக்கு நேர் கீழே, வேலியில இருந்து அஞ்சாறு எட்டு உள்ளே, காலால மண்ணைத் தட்டிப் பார்த்தேன். மண் பூப்போல இருந்துச்சு. மறுநாள் மண்வெட்டியோட வந்து ஒரு அடி தோண்டினதும் பலாக் கட்டை வந்துச்சு. மஞ்சள் நிறம் மாறல, வெட்டு வாயில பால் இன்னும் பிசுபிசுன்னு இருந்துச்சு. மரத்தை வெட்டி, அடிக்கட்டையை மண்ணுக்குள்ள மறைச்சு, மேல மரவள்ளி நட்டு, எல்லையைப் பக்கத்துக் காணிக்குள்ள தள்ளியிருக்கார். பக்கத்துக் காணிக்காரர் கேகாலையில மகள் வீட்டுல நாலு மாசம் நோயாக் கிடந்துட்டு அன்னிக்குத்தான் திரும்பி வந்தவர். கட்டையைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார், கத்தல, திட்டல. சிங்களத்துல மெதுவா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "வௌவாலுக்கு இன்னும் யாரும் சொல்லல போல."

கிணத்துக்குள்ள பாட்டு

மூணாவது காணி அக்காவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பாதி கட்டின வீடு, ரெண்டு அறை, கூரை போட்டா குடி போகலாம். கிணறும் இருந்துச்சு. அக்கா முகம் கழுவ வாளியை இறக்கினாங்க. இறக்கினவங்க அப்படியே நின்னுட்டாங்க. கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாங்க. நான் குனிஞ்சு காதைக் கொடுத்தேன். கிணத்துக்குள்ள இருந்து ஆம்பளைக் குரல்ல பாட்டு. இழுத்து இழுத்து ஒருத்தர் பாட, நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பாடுறாங்க. தண்ணிக்குள்ள வாயை வச்சுப் பாடுற மாதிரி இருந்துச்சு. "ரேடியோ, பக்கத்து வீட்டுல"ன்னார் காணிக்காரர். பக்கத்துல வீடே இல்லை. வாளி மேல வந்தப்போ தண்ணி தேத்தண்ணி நிறத்துல இருந்துச்சு.

உறுதியைக் காணிக்காரரோட மச்சான் வாசிச்சுக் காட்டினார். நான் வழக்கம்போல வெத்திலையைப் போட்டுக்கிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். அவர் முடிச்சப்போ வெத்திலை சாறு விட்டு வாயிலயே இருந்துச்சு. ராத்திரி போட்டோ கொப்பியைச் சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச எங்க ஊர் டியூஷன் மாஸ்டர்கிட்ட கொடுத்தேன். அதே உறுதியை அதே வேகத்துலதான் அவரும் வாசிச்சார். அவர் முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு தடவை எழுந்து போய்த் துப்பிட்டு வந்தாச்சு. "மாஸ்டர், நடுவுல எங்கயோ நீளுது"ன்னேன். அவர் தேடி எடுத்துத் தமிழ்ல சொன்னார். மேல் மண்ணும் மரமும் வாங்குறவருக்காம். மண்ணுக்குக் கீழே இருக்கிற மாணிக்கமும், அதைத் தோண்டி எடுக்கிற உரிமையும் விக்கிறவருக்கும் அவர் பிள்ளைகளுக்குமாம். மச்சான் அந்த இடத்துக்கு வந்ததும் மூச்சு விடாமத் தாண்டியிருக்கார்.

பௌர்ணமிக்கு வர்ற போயா லீவு அன்னிக்கு மறுபடி போனோம். கிணத்துல பாட்டு இல்லை. தண்ணி ரெண்டு முழம் ஏறி, கண்ணாடி மாதிரித் தெளிஞ்சு இருந்துச்சு. மாணிக்கக் குழியில போயாவுக்கு யாரும் இறங்க மாட்டாங்கன்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மறுநாள் காலையில போனா தண்ணி மறுபடி வத்திக் கலங்கி இருந்துச்சு, பாட்டும் வந்துச்சு. கீழே சரிவுல புல்லுக் கூரைக்கு அடியில குழி வாய் ஒண்ணைக் கண்டுபிடிச்சோம். அங்க இருந்து சுரங்கம் பிடிச்சு வீட்டுக்கு அடிவரைக்கும் போயிருக்காங்க, உள்ளே பாடிக்கிட்டே தண்ணி இறைச்சிருக்காங்க. நாங்க நிக்கும்போதே ஏணியில ஒருத்தர் ஏறி வந்தார். தலையில இருந்து கால் வரைக்கும் மண், கண்ணு மட்டும் வெள்ளை. ராசமணி அக்கா, "மேல வீடு கட்டப் போறோம், விழாம நிக்குமா?"ன்னு சிங்களத்துல கேட்டாங்க. அந்த மனுசன் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, ரொம்ப மரியாதையாப் பதில் சொன்னார்: "கட்டுங்க அக்கே, அடுப்பை மட்டும் கிழக்குப் பக்கம் வைக்காதீங்க, நாங்க சாப்பிட உட்காருற இடம் அதுக்கு நேர் கீழே."

வெளிப்பக்கம் தாழ்ப்பாள்

மார்கழி பிறந்துடுச்சு. ஆபீஸ்ல இருந்து ரெண்டாவது துண்டும் வந்துடுச்சு. புதுசா வந்த குடும்பம் ஒண்ணு அக்காவோட காம்பிரா வாசல்ல வந்து நின்னு, எங்க கட்டில் போடலாம்னு பார்த்துட்டுப் போயிருக்கு. அந்த நேரத்துலதான் தெரணியகலைப் பக்கம் ஒரு வீடு வந்துச்சு. ஓட்டு வீடு, சாவியைக் கொடுத்தா அன்னிக்கே குடி போகலாம். கொழும்புல வேலை செய்ற ஒரு மாத்தயா அதை விக்கிறார். தாய் எழுதிக் கொடுத்த காணி, தாய் போன வருசம் தவறிட்டாங்கன்னார். அக்கா முதல் தடவையா என்கிட்ட, "இதுல மட்டும் ஒண்ணும் கண்டுபிடிச்சுடாதீங்க தம்பி"ன்னாங்க. காணிக் கந்தோருக்குப் போய்ப் பதிவு எடுத்துப் பார்த்தேன். அங்க இருந்த கிளாக்கர் யாழ்ப்பாணத்து ஐயா. மூக்குக் கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு, "இஞ்ச பாருங்கோ, தாய்க்குச் சீவிய உரித்து வச்செல்லோ எழுதிக் கிடக்கு. அவ இருக்குமட்டும் அவவை எழுப்பேலாது. செத்திட்டாவெண்டா மரணச் சான்றிதழ் எங்க?"ன்னார். மாத்தயாகிட்ட கேட்டேன். "வரும், வரும்"ன்னார்.

மறுபடி வீடு பார்க்கப் போனோம். முன் அறை, நடு அறை, சமையல் கட்டு எல்லாம் திறந்து காட்டினார். பின் அறையை மட்டும் காட்டல. அம்மாவோட பழைய சாமான் இருக்குன்னார். நான் சுவர்ல ஈரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். அக்கா பின் அறைக் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்துச்சு. அதுல துரு இல்லை, கை பட்டுப் பட்டு மினுங்குச்சு. கதவுக்கு அடியில தரையில ஒரு சோத்துப் பருக்கை, அது இன்னும் காயல. மாத்தயா முன்னால போனதும், அக்கா கதவுக்கிட்ட வாயைக் கொண்டு போய்ச் சிங்களத்துல, "அம்மே, ஏதாச்சும் வேணுமா?"ன்னு கேட்டாங்க. நான் சிரிக்கப் பார்த்தேன். உள்ளே இருந்து, ரொம்பக் கிட்ட, கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற மாதிரி, காத்துப் போல ஒரு குரல் வந்துச்சு. "கொஞ்சம் சுடுதண்ணி, துவே."

சிங்களத்துல துவேன்னா மகள். அக்கா தாழ்ப்பாளைத் திறந்து, உள்ளே போய், அந்த அம்மாவைத் தூக்கி உட்கார வச்சு, சமையல் கட்டுல தண்ணி சுட வச்சுக் கொடுத்தாங்க. மாத்தயா வாசல்ல நின்னு, "அம்மாவுக்குப் புத்தி சரியில்லை"ன்னார். அக்கா அவர் பக்கமே திரும்பல. நான் போய்க் கிராம சேவகரைக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் அந்தக் கட்டில்ல இருந்து அசையல. அந்த வாரமே மகள்காரி வந்து தாயை அழைச்சுட்டுப் போனதா பிறகு கேள்விப்பட்டோம். சுடுதண்ணியை ரெண்டு கையால பிடிச்சுக் குடிச்சுக்கிட்டே அந்த அம்மா ராசமணி அக்காகிட்ட கேட்டது மட்டும் இன்னும் என் காதுல இருக்கு. "வீட்டோட என்னையும் சேர்த்தா விலை பேசியிருக்கான், துவே?"

மழை விட்ட காலை

பொங்கலுக்கு மூணு வாரம்கூட இல்லை. அஞ்சாவது காணி ஒரு ரப்பர் முதலாளியோடது. அக்காவோட தோட்டத்துக்குப் பக்கத்துல, முந்தி அந்தத் தோட்டத்தோட பழைய பிரிவு ஒண்ணு இருந்து மூடின இடம். அக்கா பொறந்ததே அந்தப் பிரிவு லயத்துலதான், நடக்கிற வயசுலயே அங்க இருந்து வந்துட்டாங்க. முதலாளி பெரிய துண்டைப் பிரிச்சு விக்கிறார். உறுதியை ரெண்டு பேர் வாசிச்சாங்க, ரெண்டும் ஒரே வெத்திலையில முடிஞ்சுச்சு. காணிக் கந்தோர்ல குறை இல்லை. மாணிக்க உரிமை மண்ணோட சேர்ந்தே வருது. பிளேன்ல வண்டி போற பாதை போட்டிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு உறுத்துச்சு. ரெண்டு இடத்துல யாரோ அத்திவாரம் வெட்டிப் பாதியில விட்டுட்டுப் போயிருக்காங்க. ஏன்னு கேட்டா முதலாளி, "அவங்களுக்கு ராசி சரியில்லை"ன்னார்.

வெயில்ல பார்த்த காணியை மழையிலயும் பார்க்கணும்னு ஒரு பழக்கம் எனக்கு. மூணு நாள் அடிச்ச மழை விட்ட காலையில நானும் அக்காவும் முதலாளியோட போனோம். புல்லுல மூடுபனி. மேல் பக்கம் முழுக்கத் தண்ணி தேங்கி நிக்குது, குளம் மாதிரி இல்லை, துண்டு துண்டா. ஒவ்வொரு துண்டும் ஒரு ஆள் நீளம், ஒரு ஆள் அகலம். ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா வரிசை பிடிச்ச மாதிரி, எல்லாம் ஒரே திசை பார்த்துக் கிடக்குது. நடுவுல சிலது குட்டை, என் கை நீளம்கூட இல்லை. அங்கங்க காடாப் போன சிவப்புக் குரோட்டன் செடி. எல்லாத் தண்ணியிலயும் ஆகாயம் வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. படுத்துக் கண்ணைத் திறந்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சு. நான் கால் வைக்கப் போன இடத்தைப் பார்த்துட்டுப் பின்னால எடுத்தேன். முதலாளி, "ரப்பர் மரம் பிடுங்கின குழி"ன்னார். அக்கா சத்தம் போடாம, "மரம் பிடுங்கின குழி வட்டமா இருக்கும் முதலாளி. நான் முப்பத்தெட்டு வருசம் அந்த மரத்தோடதான் இருந்தேன்"ன்னாங்க. பிறகு குனிஞ்சு ஒரு குட்டைத் தண்ணியில உள்ளங்கையை வச்சாங்க. "காய்ச்சல்ல போன எங்க தம்பி ஒருத்தன் இதுல இருக்கான். எதுன்னு தெரியாது."

பழைய பிரிவோட மயானம் அது. பிரிவு மூடினதும் ஆளுங்க கலைஞ்சு போயிட்டாங்க. கல்லு வைக்க யாருக்கும் வசதி இருந்ததில்லை, அடையாளத்துக்குக் குரோட்டன்தான் நட்டிருக்காங்க, பிளேன் வரைஞ்சவங்க கண்ணுக்கு வெறும் புல்லுதான் தெரிஞ்சிருக்கு. பிறகு பிரதேச சபையில கேட்டப்போகூட, அப்படி ஒரு மயானமே இல்லைன்னாங்க. கடுதாசியில எல்லாம் சுத்தம், மண்ணுக்குள்ள இத்தனை பேர். அன்னிக்குக் காலையிலயே அக்காவை மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போய், "வேணாம் அக்கா, நான் வேற பார்க்கிறேன்"னு கெஞ்சினேன். "பன்னெண்டு நாள்ல வேற எங்க பார்ப்பீங்க? இதுவரைக்கும் பார்த்த நாலு இடத்துலயும் என்னை ஏமாத்த வந்தது யாரு, உசிரோட இருக்கிறவங்கதானே?"ன்னாங்க.

அலவாங்கை எடுத்துக்கிட்டுக் கீழ்ப் பக்கம் முழுக்க முழத்துக்கு முழம் குத்திப் பார்த்தேன். அங்க கெட்டிக் கபுக்கல், செம்பாறை மாதிரி, யாரும் தொடாத மண். அக்கா அந்தப் பத்து பேர்ச்சைக் கேட்டாங்க, ஆனா ஒரு நிபந்தனையோட. சர்வேயரை வச்சுப் புதுசா பிளேன் போடணும், மேல் பக்கத்தை மயானம்னு அதுல எழுதணும், அதுக்குப் போற பாதையும் காட்டணும். அந்தத் துண்டை யாரும் விக்கவோ தோண்டவோ மேல கட்டவோ கூடாதுன்னு உறுதியில ஏத்திப் பதியணும். நொத்தாரிசு மாத்தயா பேனாவைக் கீழே வச்சுட்டு அக்காவையே பார்த்தார். இப்படி எழுதச் சொல்லி இதுவரைக்கும் யாரும் அவர்கிட்ட வந்ததில்லையாம். முதலாளிக்கு வேர்த்துப் போச்சு. "அக்கே, இது பிளேன்ல ஏறிட்டா சுத்தி இருக்கிற மிச்சக் காணியை நான் யாருக்கு விக்கிறது?"ன்னார். எங்க வாயை மூட வச்சுடலாம்னு நினைச்சுக் கேட்டார். அக்கா சேலைத் தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டுச் சொன்னாங்க: "அவசரப்படாதீங்க முதலாளி, விலை இறங்கட்டும், என் மகள் வந்து வாங்கிக்குவா."

ஏற்கெனவே ரெண்டு பேர் பாதியில விட்டுட்டுப் போன காணி, அதனால முதலாளி கையெழுத்துப் போட்டார். பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னால அக்கா குடி போனாங்க. தகரக் கூரை, பலகைச் சுவர், ஆனா சொந்த வாசல். மூணு பக்கமும் எல்லைக் கல்லை ஒட்டி முள்ளுக் கம்பி இழுத்து இறுக்கமா வேலி அடைச்ச ராசமணி அக்கா, மயானப் பக்கத்தை மட்டும் வேலியே போடாமத் திறந்து விட்டுட்டாங்க. நான் சங்கிலி பிடிச்ச அத்தனை காணியிலயும் இன்னிக்கு வரைக்கும் எல்லை வழக்கு வராத பக்கம் அது ஒண்ணுதான்.